பெட்டி சனிக்கிழமை வரை அங்கேயே இருக்கட்டும்

மாண்டானா மாநிலம், சேஜ் கிரீக் மாவட்ட ஷெரிஃப் அலுவலகம், ஆல்டர் ஃபோர்க். 2023 அக்டோபர் 16, திங்கட்கிழமை, காலை 10.20 மணி. உதவி ஷெரிஃப் ரஸ்ஸல் லிண்ட் கேட்க, லவோன் பிராண்ட்வோல்ட் சொன்ன வரிசையிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் லவோன் பிராண்ட்வோல்ட். வயது அறுபத்தொன்பது. கணவர் பெயர் ஓரின் பிராண்ட்வோல்ட், காலமாகிவிட்டார். ஆல்டர் ஃபோர்க், கிராவல் பிட் சாலை, 41-ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எனக்கு நினைவு நன்றாக இருக்கிறது, மயக்கம் தரும் மருந்து எதுவும் சாப்பிடவில்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று லிண்ட் சொன்னார், வேண்டாம் என்றேன். லிண்ட் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை என் பேருந்தில்தான் வந்தார் என்பதையும் எழுதச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார், ஆனாலும் எழுதிக்கொண்டார்.

இதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. ஒன்று, மெர்ல் ஸ்கோகன் என் துப்பாக்கியை வேண்டுமென்றே சேதப்படுத்தினான் என்று நான் கொடுப்பது. இன்னொன்று, நான் அவன் விரல்களை உடைத்தேன் என்று அவன் கொடுத்திருப்பது. இரண்டும் உண்மைதான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் ஓரின் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தார். குடி இல்லை, சீட்டு இல்லை, பழைய துப்பாக்கி மட்டும்தான். 1998 பிப்ரவரியில் ஒரு பண்ணை வீட்டுச் சாமான் ஏலத்தில் 1904-இல் செய்த வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றை வாங்கினார். ஒருவர் தனியாகச் சொல்லிச் செய்யவைத்த உயர்ந்த ரகம், அந்த மாதிரியில் அதிகம் கிடையாது. நாற்பது வருஷம் புகைபோக்கிக்குப் பக்கத்தில் தொங்கியதால் கரியும் பிசுக்கும் ஏறி, இரும்பு எது, மரம் எது என்று தெரியாத கோலத்தில் இருந்தது. ஓரின் அதைத் தானே துடைக்கவில்லை. இந்த ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, பழைய துப்பாக்கியில் கை பழகாதவன் கை வைக்கக் கூடாது. நூறு வருஷத்து அழுக்கையும் அவர்கள் சொத்தாகத்தான் பார்ப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவனை ஆள் கடத்தியவன் மாதிரி பார்ப்பார்கள்.

ஆகவே ஓரின் அதை அப்படியே மெர்ல் ஸ்கோகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மெர்ல், மெயின் தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன். துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன், இதில் பொய் சொல்ல மாட்டேன். ஆல்டர் ஃபோர்க் பழந்துப்பாக்கிச் சேகரிப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். எங்கள் கல்யாணத்தில் ஓரினுக்குத் தோழனாக நின்றவனும் அவன்தான்.

அதன் பிறகு இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில் ரைஃபிள் திரும்பி வந்தது. சுத்தமாக இருந்தது. தோளில் வைக்கும் கட்டை சாதாரண வால்நட் மரம், மங்கலான நிறம். ஓரினுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், இரும்பின் தரத்துக்கு மரம் ஈடாக இல்லை என்றார். ஆனால் குறை சொல்லவில்லை. பிசுக்குக்கு அடியில் என்ன மரம் இருந்தது என்று அவர் பார்த்ததே இல்லை, அதனால் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அதே மாதத்தில் மெர்லின் மேஜையில் அவனுடைய சொந்த ரைஃபிள் ஒன்றும் பிரித்துக் கிடந்தது. அதே மாதிரி, அதே வருஷம். மறு வருஷம், 1999 மார்ச் கண்காட்சியில், அது ஊரின் முதல் பரிசு வாங்கியது. அதன் கட்டையில் வரிவரியாகப் பழுப்பும் பொன்னுமாக ரேகை ஓடும், வெளிச்சத்தில் திருப்பினால் நகர்வது போலத் தெரியும். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஓரின் எழுந்து நின்று கை தட்டினார். நான் பக்கத்தில் பின்னல் பின்னிக்கொண்டிருந்தேன், நானும் தட்டினேன். 2001-இல் மெர்ல் அந்த ரைஃபிளை டெக்ஸாஸ்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். ஏன் விற்கிறாய் என்று ஓரின் கேட்டதற்கு, "ஒரே பொருளை எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருக்கறது, சலிச்சுப்போச்சு" என்றான்.

அதன் பிறகு பதினெட்டு வருஷம் ஒன்றும் இல்லை. ஓரின் தன் ரைஃபிளைக் கண்காட்சியில் மேஜையில் வைப்பார், போட்டிக்கு வைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 2019 மார்ச்சில், முதல் தடவையாகப் போட்டிக்கு வைத்தார். முதல் சுற்றில் முதலாவதாக வந்தது. கடைசிச் சுற்றில் டக்ளஸ் பெட்ரி என்கிற வெளியூர் நடுவர், கட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டார். அது வழக்கம்தான். அந்த உயர்ந்த ரகத் துப்பாக்கிகளில், தொழிற்சாலையிலேயே இரும்பையும் மரத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். இரும்பில் கட்டைக்குள் மறையும் வாலில் இருக்கும். மரத்தில், கட்டையின் அடியில் இரண்டு திருகு போட்டு மாட்டிய தகட்டுக்கு உள்ளே இருக்கும். வெளியே தெரியாது. திருகைத் தொடாமல் வைத்திருப்பதே கௌரவம் என்பதால் ஓரின் அதைத் திறந்ததே இல்லை.

பெட்ரி திறந்தார். இரும்பில் 233 என்று இருந்தது. மரத்தில் 418.

ஹாலில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஓரின் அந்த இரண்டு எண்களையும் பார்த்தார், பிறகு மெர்லைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். நண்பா, நீ பிரித்தபோது இது எப்படி இருந்தது என்று சொல், அவ்வளவு போதும் என்கிற பார்வை. மெர்ல் தலையை ஆட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நான் அப்பவே சொன்னேனே ஓரின், இது வேற கட்டை, இதப் போட்டிக்கு வைக்காதேன்னு."

அப்படி அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

சங்கத்தின் விதிப்படி, தெரிந்தே ஒட்டுப்போட்ட துப்பாக்கியை அசல் என்று வைத்தவரை நீக்க வேண்டும். நீக்கினார்கள். தீர்மானத்தை வாசித்தவன் தலைவர் மெர்ல். முப்பத்தொரு வருஷம் எங்களுடையதாக இருந்த மேஜை, வாசலுக்கு இடது பக்கம் இரண்டாவது, அடுத்த வருஷம் கத்தி விற்கிற ஒருவருக்குப் போனது. ஓரின் மளிகைக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தலை முடியை நானே வெட்டிவிட்டேன், ஏனென்றால் முடி வெட்டுகிற கடையில் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதினான்கு மாதம் கழித்து, 2020 மே மாதம், கொட்டகையில் விழுந்து இறந்தார். இதயம் என்று டாக்டர் எழுதினார். நான் டாக்டருடன் சண்டை போடவில்லை. அடக்கத்துக்கு மெர்ல் ஒரு பானை அவித்த பீன்ஸ் கொண்டுவந்தான். அதை நான் பானையோடு குப்பையில் போட்டேன்.

அதன் பிறகு நான் யோசித்தேன். எங்கள் இரும்பில் 418 கட்டை இருக்கிறதென்றால், உலகத்தில் எங்கேயோ 418 இரும்பில் 233 கட்டை இருக்க வேண்டும். ஒரு வீட்டுச் செருப்பு மாறிப்போனால் இன்னொரு வீட்டிலும் மாறியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். எங்களுடையதோடு மெர்லின் மேஜையில் பிரித்துக் கிடந்தது அவனுடைய ரைஃபிள்தான், ஆகவே 1999 கண்காட்சிப் புத்தகத்தை எடுத்தேன். பரிசு வாங்கிய துப்பாக்கியின் மேல் வெளியே தெரியும்படி அடித்த தொடர் எண்ணை அதில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, மூன்று வருஷம், நாட்டில் நடக்கிற ஒவ்வொரு துப்பாக்கி ஏலத்தின் பட்டியலையும் வாசித்தேன். இந்த ஆட்கள் என்னைப் பின்னல்காரி என்றுதான் நினைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து என் காதில் என்ன விழுந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த வருஷம் ஆகஸ்ட்டில் அந்த எண் வந்தது. டெக்ஸாஸ்காரர் இறந்து, அவருடைய சேகரிப்பைப் பிள்ளைகள் பென்சில்வேனியாவில் ஏலம் விட்டார்கள். ஓரினின் டிராக்டரையும் கிழக்குப் பக்க நிலத்தையும் விற்று அதை நான் எடுத்தேன். எடுத்த பிறகு ஏலக்காரர்களிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். உடனே பெட்டியில் வைத்துக் கட்ட வேண்டாம், முதலில் கட்டையைக் கழற்றி, தகட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து, தேதி போட்டு, முத்திரை வைத்து எனக்கு அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்கள். இரும்பில் 418. அந்த அழகான மரத்தில் 233. தகட்டின் உட்புறத்திலும் 233. அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், பிறகு எழுந்து பாத்திரம் கழுவினேன்.

லிண்ட் இங்கே கேட்டார்: அந்தப் படத்தோடு அப்போதே ஏன் வரவில்லை என்று. சொல்கிறேன். படத்துக்கு மெர்ல் கதை சொல்வான். டெக்ஸாஸ்காரர் மாற்றியிருப்பார் என்பான். இல்லை, ஓரின்தான் வந்து மாற்றியிருப்பான் என்பான். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அவன் வாயை நான் நம்பவில்லை. அவன் கையே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஓரினிடம் சேகரிப்போர் உரிமம் இருந்தது, அவருக்கு வந்தால் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். என்னிடம் அது இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வருகிற துப்பாக்கி உரிமம் உள்ள ஒரு கடைக்குத்தான் வர வேண்டும், கடைக்காரர் பிரித்துப் பார்த்து எண்ணைத் தன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அங்கே நான் படிவம் எழுதி, விசாரணையில் தேறிய பிறகுதான் கையில் கிடைக்கும். முப்பது மைல் தள்ளி இன்னொரு கடை இருக்கிறது, நல்ல மனுஷர். நான் வேண்டுமென்றே மெர்லின் கடையைத் தேர்ந்தெடுத்தேன். செப்டம்பர் கடைசியில் நேரில் போய்க் கேட்டேன்.

"லவோனா? எத்தன வருஷமாச்சு. நீ துப்பாக்கி வாங்கறியா?" என்றான்.

"ஓரின் ஞாபகமா ஒண்ணு இருக்கட்டுமேன்னு. படத்துல பாத்தேன், அழகா இருந்துச்சு. எனக்கு என்ன தெரியும் மெர்ல்" என்றேன்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே ஒண்ணு பாத்துக் கொடுத்திருப்பேன்ல. ஏலத்துல ஏமாத்திருவாங்க, ஒட்டுப்போட்டதையெல்லாம் அசல்னு வித்துருவாங்க" என்றான்.

அதை அவன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான் என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தத் துப்பாக்கி என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உரிமத்தின் நகலை ஏலக்காரர்களுக்கு அனுப்பிவைத்தான்.

அதன் பிறகு பதினோரு நாள் காத்திருந்தேன். பெட்டி எங்கே வருகிறது என்று கைபேசியில் பார்க்கலாம். ஒஹையோவில் ஒரு நாள், சிகாகோவில் இரண்டு நாள், பிறகு வடக்கு டகோட்டாவில் பனியில் மாட்டி மூன்று நாள் நகரவே இல்லை. அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. டின்னிலிருந்தே சூப்பைக் குடித்தேன். ஓரினுக்கும் இப்படித்தான், ஏதாவது வர வேண்டியிருந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார், வந்தால் என்னைக் கூப்பிட்டு, நான் வந்த பிறகுதான் பெட்டியை அறுப்பார். இந்தக் காத்திருப்பு அவருடையது மாதிரி இல்லை. எனக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. அது அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகாலுக்குப் பெட்டி மெர்லின் கடையில் இறங்கியது என்று கைபேசியில் வந்தது. அவன் பிரிப்பான், எண்ணைப் பார்ப்பான், பதிவேட்டில் ஏற்றுவான், ஏற்றும்போது கை நிற்கும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கூப்பிட்டான். குரல் வழக்கத்தைவிட அன்பாக இருந்தது.

"லவோன், உன் பெட்டி வந்திருச்சு. இத எங்க புடிச்ச?"

"ஏலத்துலதான். நல்லா இருக்கா?"

"நல்லாதான் இருக்கு. இன்னைக்கே வந்து எடுத்துக்கறியா?"

இந்த இடத்தை லிண்ட் இரண்டு தடவை கேட்டார், ஆகவே நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். "இல்ல மெர்ல், சனிக்கிழமை வரைக்கும் பெட்டி அங்கயே இருக்கட்டும். டக்ளஸ் பெட்ரி அன்னைக்கு ஊருக்கு வர்றாராம். ஓரினோடதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டையும் கழட்டிப் பாக்கணும்னார். நீயும் இரு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன்.

"அவசரம் இல்ல. நான் பத்திரமா பாத்துக்கறேன்" என்றான்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு நாள் கொடுத்தேன். அந்த நான்கு நாளில் அவன் என்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். மரத்தை நான்தான் மாற்றினேன், அன்று ஹாலில் எண்ணைப் பார்த்ததும் பயத்தில் பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டு வேலை செய்தேன். அது அடிக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் நான் மன்னிக்க வேண்டியிருந்திருக்கும். வியாழக்கிழமை இரண்டு தடவை அடித்தது, இரண்டும் பல் டாக்டர்.

அதன் பிறகு அக்டோபர் 14, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஓரினின் ரைஃபிளையும் நான் சுட்ட ஆப்பிள் பலகாரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் மெர்லின் கடையில் காப்பி குடிக்கக் கூடுவது வழக்கம். அன்று பதினோரு பேர் இருந்தார்கள், நான் எண்ணினேன், பெயர்களைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன். பெட்ரியும் இருந்தார். நான் எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில் இருநூறு மைல் வந்திருந்தார், வயது எண்பத்தொன்று. எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை, 2019-இல் திறந்ததை இன்னொரு தடவை திறக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த ஆட்களில் சிலர் என் கண்ணைப் பார்க்கவில்லை. பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் படிவத்தை எழுதினேன். மெர்ல் போனில் விசாரணை கேட்டான், ஐந்து நிமிஷத்தில் சரி என்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். துப்பாக்கி என் பெயருக்கு வந்த பிறகுதான் பெட்டியை மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பெட்ரி இரண்டிலும் தோட்டா இல்லை என்று பார்த்து உறுதி செய்தார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினேன் என்று மெர்லின் புகாரில் ஒரு வரி இருக்கிறதாம். மிரட்டவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

ஓரினுடையதைப் பெட்ரி முதலில் கழற்றினார். இரும்பில் 233, மரத்தில் 418, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் பிறகு புதியதைக் கழற்றினார். இரும்பின் வாலில் 418 என்று இருந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் அடித்தகட்டின் இரண்டு திருகையும் கழற்றினார். தகடு வந்தது. உடனே எனக்கு வாசம் வந்தது, அறுத்த மரத்தின் வாசம். நூற்றிருபது வருஷத்து மரத்துக்கு அந்த வாசம் இருக்காது. அது சாம்பல் பூத்து, தூசி படிந்து இருக்க வேண்டும், அதை அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே மெர்ல்தான். அங்கே மரம் வெளுத்து வழுவழுப்பாக இருந்தது. மேலே எதையோ பூசிக் கறுப்பாக்கப் பார்த்திருந்தான், காப்பித்தூள் என்று நினைக்கிறேன். எண் இல்லை. தகட்டின் உள்ளே அரம் போட்ட கோடுகள் பளபளத்தன, அங்கேயும் எண் இல்லை.

பெட்ரி தகட்டை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "யார் இத தேய்ச்சது?" என்றார்.

"ஏலக்காரங்கதான். வேற யாரு" என்றான் மெர்ல்.

நான் கைப்பையிலிருந்து ஏலக்காரர்களின் படங்களை எடுத்து மேஜையில் வைத்தேன். தேதி இருந்தது, முத்திரை இருந்தது, மரத்தில் 233 இருந்தது. பெட்டியை முத்திரை உடைத்துத் திறந்தது தான்தான் என்று மெர்ல் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருந்தான், அதையும் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ஓரின்தான் மாத்தியிருக்கணும். அவன் என் மேஜைக்கு வந்துபோவான்ல. நான் இல்லாத நேரத்துல மாத்தியிருப்பான்" என்றான் மெர்ல்.

பெட்ரி மெதுவாகத்தான் கேட்டார்: "ஓரின் மாத்தினதுன்னா, நீ ஏன் மெர்ல் தேய்ச்ச?"

மெர்ல் சுற்றிலும் பார்த்தான். 2019-இல் ஓரின் பார்த்த அதே மாதிரிதான், யாராவது ஒருவர் தனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று பார்த்தான். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது இனித்தது. இதை மறைக்க நான் இங்கே வரவில்லை. மூன்று வருஷமாக எனக்கு ருசி என்று ஒன்று இருக்கவில்லை, அந்த நிமிஷம் இருந்தது.

அதன் பிறகு அவன் அந்தப் படங்களை எடுக்க மேஜைமேல் கையை நீட்டினான். நான் புதிய ரைஃபிளின் கட்டையைக் கையில் எடுத்து மேஜைமேல் வைத்தேன். கொஞ்சம் வேகமாக வைத்தேன். அவன் கை அடியில் இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் உடைந்தன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவன் கத்தினான். "பைத்தியக்காரி, போலீஸக் கூப்பிடுங்கடா" என்றான். நான்தான் கூப்பிட்டேன். லிண்ட் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பலகாரத்தை வெட்டி, கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். நான்கு பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், "ஓரின் பேர மறுபடியும் எழுதிடறோம் லவோன்" என்றார். எழுதுங்கள் என்றேன். நீக்கியபோது எங்கே நின்று வாசித்தார்களோ அங்கேயே நின்று, அதே சத்தத்தில் வாசிக்க வேண்டும் என்றேன்.

லிண்ட் கேட்டவற்றுக்கு என் பதில்கள்:

மெர்ல் அந்த எண்ணை அழிப்பான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியும். அழிப்பான் என்று நம்பித்தான் கொடுத்தேன்.

அப்படியென்றால், சேதம் ஆகட்டும் என்று நானே விட்டுவைத்தது போல ஆகாதா, புகார் நிற்காமல் போகலாமே என்று கேட்டார். போகலாம். பதினோரு பேர் பார்த்தாகிவிட்டது. கோர்ட் என்ன சொன்னாலும் அவர்கள் பார்த்ததைத் திருப்ப முடியாது.

அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்டார், எழுதுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. மரமும் இரும்பும் 1904-இல் ஒரே தொழிலாளி கையில் சேர்ந்தவை. 1998-இல் பிரிந்தன. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே ஊருக்கு வந்திருந்தன, எண்ணோடு, ஒரு கீறல் இல்லாமல். செவ்வாய்க்கிழமை நான் போய் எடுத்து வந்திருந்தால் மூன்று திருகில் இரண்டும் சேர்ந்திருக்கும். இனி அந்த மரத்தை எங்கள் இரும்பில் மாட்டினாலும், அது அந்த இரும்பினுடையதுதான் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நான் சொன்னால்தான் உண்டு.

வழக்கு முடிந்த பிறகு இரண்டு ரைஃபிளையும் திருப்பித் தர வேண்டுகிறேன். சாட்சிச் சீட்டை மரத்தில் ஒட்ட வேண்டாம், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பசை மரத்துக்கு ஆகாது.

லிண்ட் இதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினார். விரல்கள் உடைந்த இடத்தில் "ஆத்திரத்தில்" என்று ஒரு சொல்லை எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவராகவே சேர்த்திருந்தார். அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடித்து, பக்கத்தில் நானும் அவரும் சுருக்கொப்பம் போட்டோம். நான் ஆத்திரப்படவில்லை, யோசித்துச் செய்தேன். ஓரின் இருந்திருந்தால் இதில் எதையும் செய்திருக்க மாட்டார். மெர்லை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமையே ஓடிப்போய் அந்த மரத்தைத்தான் எடுத்து வந்திருப்பார். எடுத்து வந்து, என்னைக் கூப்பிட்டிருப்பார்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதுதான், சொன்னதெல்லாம் நடந்ததுதான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) லவோன் பிராண்ட்வோல்ட்

என் முன் கையெழுத்திட்டது: ரஸ்ஸல் லிண்ட், உதவி ஷெரிஃப். முடிந்த நேரம் பகல் 12.45.